ஓடுகிற மகன்... மான் வேட்டைக்குக் கிளம்பும் அப்பா!

நீங்கள் தினமும் ஓடுகிறவரா? வாரத்துக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் சர்வசாதாரணமா? "எனக்கென்ன சார், இதயம் இரும்பு மாதிரி!" என்று மார்தட்டிக் கொள்கிறவரா? அப்படியானால் இந்தக் கட்டுரை முக்கியமாக உங்களுக்குத்தான்.

உங்களை ஒரு காட்டுக்குக் கூட்டிப் போய், அறுபது கிலோ எடையுள்ள மானைப் பனியில் அரை கிலோமீட்டர் இழுத்து வரச் சொன்னால் என்ன ஆகும்?

"நம்ம ஊர்ல மானைத் தொட்டாலே ஜெயிலாச்சே!" என்கிறீர்களா? வாஸ்தவம். 1972-ல் வந்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மான் வேட்டை குற்றம். நாம் பார்க்கப் போவது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தை. அங்கே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு மான் வேட்டைக்குப் போவது, நம் வீடுகளில் குலதெய்வம் கோயிலுக்குப் போவது மாதிரி ஒரு குடும்ப வழக்கம். நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை வரும் 'தேங்ஸ்கிவிங்' பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை துப்பாக்கி சீசன் தொடங்கும். ஒன்பது நாள். ஐந்து லட்சம் பேருக்கு மேல் காட்டுக்குள் இறங்குவார்கள். தாத்தா, அப்பா, பேரன், பேத்தி என்று மூன்று தலைமுறையும் ஒரே மரவீட்டில் தங்கும்.

அப்படி ஒரு குடும்பத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு 34 வயது. அக்டோபரில்தான் மாரத்தான் ஓடி முடித்தார். அப்பாவுக்கு 62. லேசான தொப்பை, பி.பி. மாத்திரை, வருஷம் முழுக்க நாற்காலி வேலை. சனிக்கிழமை விடியற்காலை இரண்டு பேரும் ஒரே காட்டுக்குள் நடக்கிறார்கள். இவர்களில் யாருக்கு ஆபத்து?

"அப்பாவுக்குத்தான்" என்பீர்கள். பாதி சரி!

காட்டில் இதயம் படும் பாடு

வேட்டை என்றால் உட்கார்ந்து சுடுவதுதானே, அதில் என்ன உழைப்பு என்று தோன்றும். 2007-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைக் கேளுங்கள். மிச்சிகன் மாநிலத்தின் பியூமான்ட் மருத்துவமனைக்காரர்கள் நடுத்தர வயது வேட்டைக்காரர்கள் 25 பேரின் உடம்பில் இ.சி.ஜி. கருவியைக் கட்டிக் காட்டுக்குள் அனுப்பினார்கள். முன்னதாக ஆஸ்பத்திரியில் டிரெட்மில்லில் ஓடவிட்டு, அவர்களுடைய இதயம் அதிகபட்சம் எவ்வளவு துடிக்கிறது என்று குறித்தும் வைத்திருந்தார்கள். முடிவு? பத்துப் பேருக்குக் காட்டில் இதயத்துடிப்பு அந்த உச்சத்தையும் தாண்டிவிட்டது!

ஏன் இப்படி? நாலு விஷயங்கள் ஒரே நேரத்தில் கூட்டுச் சேருகின்றன.

முதலாவது, குளிர். நவம்பர் கடைசியில் அங்கே காலை வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போவது சகஜம். குளிர் பட்டதும் தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும். பி.பி. ஏறும். இதயம் கூடுதல் அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ள வேண்டும்.

இரண்டாவது, பரபரப்பு. கொம்புள்ள ஆண் மான் கண்ணில் பட்டதும் கை நடுங்கும், மூச்சு வாங்கும். இதற்கு அவர்கள் வேடிக்கையாக 'பக் ஃபீவர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மான் ஜுரம்! காரணம் அட்ரீனலின். ஆள் அசையாமல் உட்கார்ந்திருக்க, இதயம் மட்டும் ஓட ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது, இழுவை. மானின் உள்ளுறுப்புகளை நீக்கிவிட்டாலும் பெரிய ஆண் மான் அறுபது, எழுபது கிலோ தேறும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் கனமான பொருளை இழுக்கும்போது பி.பி. கிடுகிடுவென ஏறும். வீட்டில் நிரம்பிய காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

நான்காவது, பழக்கமின்மை. வருஷத்தில் 356 நாள் சும்மா இருந்துவிட்டு ஒன்பது நாள் மட்டும் மல்லுக்கட்டுவது. 1993-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதைக் கணக்கிட்டுச் சொன்னது. வாரம் ஒரு முறைகூட உடற்பயிற்சி செய்யாதவர் திடீரென்று கடுமையாக உழைத்தால், அந்த ஒரு மணி நேரத்தில் ஹார்ட் அட்டாக் வரும் வாய்ப்பு சாதாரண நேரத்தைவிட நூறு மடங்குக்கு மேல். வாரம் ஐந்து முறை அல்லது அதற்கு மேல் உழைப்பவருக்கோ சுமார் இரண்டரை மடங்குதான்.

பார்த்தீர்களா, ஓட்டம் எவ்வளவு பெரிய காவல்! ஆனால் அந்த இரண்டரை, ஒன்று ஆகிவிடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஓட்டப் புத்தகம் எழுதியவருக்கே...

ஜிம் ஃபிக்ஸ். அமெரிக்காவையே ஓட வைத்தவர் என்று இவரைச் சொல்லலாம். 1977-ல் ஓட்டத்தைப் பற்றி இவர் எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. முப்பத்தைந்து வயது வரை சிகரெட்டும் பருத்த உடம்புமாக இருந்து, பிறகு ஓடி ஓடி இளைத்தவர். 1984 ஜூலையில், வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு நாள் ஓடும்போதே சரிந்து இறந்துபோனார். வயது 52. பரிசோதித்துப் பார்த்தால், இதய ரத்தக் குழாய்களில் கடுமையான அடைப்பு.

இவருடைய அப்பா 43 வயதிலேயே மாரடைப்பில் இறந்தவர்.

'ஓடியதால் செத்தார்' என்று இதற்கு அர்த்தம் பண்ணிவிடாதீர்கள். ஓடாமல் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரமே போயிருக்கலாம். கால்களின் பலம் இதயத்துக்குக் கொடுக்கும் சர்டிபிகேட் ஆகாது. பரம்பரை என்கிற கணக்கு தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தாத்தா கதையைக் கேளுங்கள்

இப்போது நம் மரவீட்டுக்குத் திரும்புவோம். ராத்திரி. அடுப்பு எரிகிறது. பழைய வேட்டைக் கதைகள் களைகட்டுகின்றன. "உங்க தாத்தா மாதிரி சாவு யாருக்கு வரும்? ஐம்பத்தைந்து வயசு. காலையில் பரணில் ஏறினார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்தது. பிடிச்ச இடத்திலேயே போய்ச் சேர்ந்தார்!" என்று அப்பா பெருமையோடு சொல்கிறார்.

மகன் அதை வேட்டைக் கதையாகக் கேட்டால் சிரித்துவிட்டுத் தூங்கப் போவார். ஆரோக்கியக் கதையாகக் கேட்டால் திடுக்கிடுவார். தாத்தா 55-ல் திடீர் மரணம். அப்பாவுக்கு 62, பி.பி. வேறு. நாளைக்கு மானை இழுக்கப் போவது யார்?

நெருங்கிய ரத்த உறவில் ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்போ, பெண்களுக்கு 65-க்கு முன்போ இதய நோய் வந்திருந்தால், அது டாக்டர்கள் கவனிக்கும் முக்கியமான எச்சரிக்கை. தாத்தாவின் 55 அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. இந்தத் தகவல் எந்த ஃபைலிலும் இல்லை, இப்படிப்பட்ட ராத்திரிப் பேச்சில்தான் இருக்கிறது. குடும்பம் முழுக்க ஒன்றுகூடும் இந்த ஒன்பது நாளில் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளாவிட்டால் வேறு எப்போது?

ஊருக்குத் திரும்பியதும் மகன் தன் கொலஸ்ட்ரால், பி.பி., சர்க்கரை மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு அடுத்த சீசனுக்கு இரண்டு மாதம் முன்பே டாக்டர் ஆலோசனை, தினசரி நடை. அந்த நடையில் மகனும் கூடப் போனால், இதைவிடப் பெரிய வேட்டைத் துணை கிடையாது.

ஓட்டக்காரருக்கே உரிய சங்கடங்கள்

ஓடுகிறவர்களுக்கு நடை வேகம் அதிகம். இருட்டில் விறுவிறுவென்று பரணுக்கு நடப்பார், உள்ளாடை வியர்வையில் நனையும். அப்புறம் நாலு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். ஒல்லியான உடம்பில் குளிரைத் தடுக்கும் கொழுப்பும் குறைவு. அப்பா ஜம்மென்று உட்கார்ந்திருக்க, மாரத்தான் வீரருக்குத்தான் பல் தந்தியடிக்கும்! எனவே மெதுவாக நடங்கள். தடித்த கோட்டைக் கையில் எடுத்துப் போய், இடம் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. கம்பளியே நல்லது. நடுக்கத்தோடு பேச்சும் குழறினால், விரல் பொத்தானைப் போட மறுத்தால், அன்றைய வேட்டை முடிந்தது. உடனே சூடான இடத்துக்கு வந்துவிடுங்கள்.

"ஒன்பது நாள் ஓடாவிட்டால் பயிற்சி வீணாகிவிடுமே!" என்ற கவலையே வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் ஓய்வில் தேகபலம் பெரிதாகக் குறைந்துவிடாது. மாரத்தான் ஓடிய கால்களுக்கு அந்த ஓய்வு தேவையும்கூட. இருந்தும் கால் துறுதுறுக்கிறதா? காட்டுப் பாதையை விட்டு ஊர்ச் சாலையில், நல்ல வெளிச்சத்தில் ஓடுங்கள். உடம்பில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் இருக்கட்டும். விஸ்கான்சினில் துப்பாக்கி சீசனில் வேட்டைக்காரர்கள் ஆரஞ்சு உடை போட வேண்டும் என்பது 1980-லிருந்து சட்டம். 2016 முதல் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் செல்லும். ஓடுகிறவர் பழுப்பும் வெள்ளையும் போட்டுக்கொண்டு காட்டோரம் துள்ளிக் கொண்டு போவது... வேண்டாமே! அந்த மானின் நிறமே பழுப்பு, வாலின் அடிப்புறம் வெள்ளை.

தட்டுக்கு வரும் முன்

மான் இறைச்சியில் கொழுப்பு குறைவு, புரதமும் இரும்புச் சத்தும் அதிகம். ஓடுகிறவர்களுக்கு ஏற்றதுதான். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். விஸ்கான்சின் மான்களிடம் மூளையைச் சிதைக்கும் ஒரு நோய் 2002-ல் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்குப் பரவியதாக இதுவரை உறுதியாகவில்லை. என்றாலும் சமைத்தால் போகிற கிருமி இல்லை இது. நோய் உள்ள பகுதியில் கிடைத்த மானைச் சோதனைக்குக் கொடுத்து, ரிசல்ட் வந்த பிறகே சாப்பிடச் சொல்கிறார்கள்.

அடுத்தது ஈயம். ஈயக் குண்டு உடம்புக்குள் நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும். குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிய வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் செம்புக் குண்டே உத்தமம்.

கிளம்பும் முன் ஒரு பார்வை

* மானை இழுப்பது மகன் வேலை. அவரும் தனியாக இழுக்க வேண்டாம். இரண்டு பேராக, சறுக்குப் பலகையில் வைத்து, ஐம்பது அடிக்கு ஒரு முறை நின்று.

* பரணில் ஏறும்போதே உடம்பைப் பட்டையால் மரத்தோடு பிணைத்துக்கொள்ளுங்கள். குண்டு போடாத துப்பாக்கியைப் பிறகு கயிற்றால் மேலே இழுங்கள்.

* வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டோ, மது குடித்துவிட்டோ காட்டுக்குள் போகாதீர்கள். தினசரி மாத்திரையை மறக்காதீர்கள்.

* யார் எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று வீட்டில் எழுதி வையுங்கள்.

* ராத்திரி உடம்பு முழுக்க உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் உண்ணி நவம்பரிலும் நடமாடும்.

* நெஞ்சில் இறுக்கம், இடது கை, தாடை, முதுகில் வலி, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத மூச்சிரைப்பு... இதில் எது வந்தாலும் 'வாயுப் பிடிப்பு' என்று சமாளிக்காதீர்கள். அங்கே 911, நம் ஊரில் 108.

கடைசியாக ஒரு வார்த்தை. நாம் மான் இழுக்கப் போவதில்லைதான். ஆனால் வருஷம் முழுக்க உட்கார்ந்துவிட்டு, வீடு மாற்றும் அன்று பீரோவைத் தூக்கும் அப்பாக்கள் நம் வீட்டிலும் உண்டு. "நான் தினம் ஓடறேன், எனக்கு டெஸ்ட் எதுக்கு?" என்கிற பிள்ளைகளும் உண்டு. அடுத்த முறை குடும்பம் ஒன்றுகூடும்போது, சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு, அந்தக் கேள்வியை மெதுவாகக் கேட்டுவிடுங்கள்.

"தாத்தா எத்தனை வயசுல போனார்? எப்படிப் போனார்?"