பரணில் இறங்கும் வெயில்

உங்க வீட்டுப் பரணில் என்ன இருக்கு? பழைய நோட்டு, கல்யாண ஆல்பம், கொலு பொம்மை, ட்ரங்குப் பெட்டி, விருந்தாளிக்கான பாய் தலகாணி... சரிதானே? வீட்டிலேயே அதிகச் சூடான இடமும் அதுதான். ஆல்பத்தில் போட்டோக்கள் ஒட்டிக்கொள்வதும், கேசட் வளைந்துபோவதும் சும்மா இல்லை.

சித்திரை வாக்கில் நம்ம பக்கம் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அப்போது மொட்டைமாடியில் ஒரு சதுர மீட்டருக்கு விழும் வெயில் சுமார் 1000 வாட். அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு இஸ்திரிப் பெட்டியை ஆன் பண்ணி வைத்த மாதிரி! காங்கிரீட் அந்தச் சூட்டை மெதுவாக வாங்கி, மெதுவாகக் கீழே விடும். அதனால்தான் ராத்திரி எட்டு மணிக்கும் ஃபேன் அனலா அடிக்குது. ஷீட் போட்ட வீட்டுக்கு இந்தத் தாமதமே கிடையாது, மத்தியானமே பொரிச்சு எடுத்துடும்.

இதைத் தடுப்பது பாடத்தில் படித்த அரிதிற் கடத்திதான். உண்மையில் வேலை செய்வது அதற்குள் அடைபட்ட காற்று. ஐஸ் பாளத்தை மரத்தூளில் புதைத்து வைப்பதும் இதே கணக்கு. காங்கிரீட்டைவிட தெர்மாகோல் சுமார் 40 மடங்கு குறைவாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். கண்ணாடிக் கம்பளியும் நல்லதே. ஆனால் அதன்மேல் ட்ரங்குப் பெட்டியை வைத்து அமுக்கினால் காற்று போய்விடும், பலனும் போச்சு.

சரி, எங்கே போடுவது? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இங்கிலாந்து மாதிரி குளிர் தேசத்தில் பெரும்பாலும் பரணின் தரையில் கம்பளியை விரிப்பார்கள். வீட்டுச் சூடு மேலே ஓடாமல் இருக்கணும், அவ்வளவுதான். நமக்குச் சூடு மேலேயிருந்து வருது. பரண் தரையில் விரித்தால் கீழே படுப்பவர் கொஞ்சம் தப்பிப்பார், மேலே இருக்கும் சாமான் வெந்து போகும். பரணில் பொருள் வைப்பவர்கள் கூரையிலேயே மறிக்கணும்.

அதிலும் கூரைக்கு மேல்பக்கமே சிறந்தது. சூடு உள்ளே புகுந்த பிறகு தடுப்பதைவிட, புகாமலே பண்ணுவது மேல் அல்லவா? வசதி இருந்தால் தட்டோடு பதிக்கலாம். இல்லாவிட்டால் வெள்ளைச் சுண்ணாம்பு. வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், செலவும் குறைவு. என்ன, மழையில் கரையும். வருஷா வருஷம் பங்குனியில் அடிக்கணும். என் ஓட்டு இதற்குத்தான்.

தென்னங்கீற்றும் நல்ல நிழல்தான், ஆனால் தீப்பொறி பட்டால் போச்சு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்ததை யார் மறப்பார்கள்? தெர்மாகோலும் லேசுப்பட்டதல்ல. எரிந்தால் கரும்புகை கக்கி உருகிச் சொட்டும். பரணுக்குள் வயர், பல்பு ஓடினால் அதைத் திறந்தபடி ஒட்டவே கூடாது. எலியும் சும்மா விடாது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டுக்காரர்கள் எதை மாட்டவும் ஷீட்டில் துளை போடாதீங்க, அந்தத் தூள் நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். சட்டத்தில் பலகை அடித்து, ஷீட்டுக்கும் பலகைக்கும் நடுவே காற்று நிற்க இடம் விட்டாலே போதும்.

பரணில் சாமான் அடுக்கும்போதும் கூரைக்குக் கீழே ஒரு சாண் விடுங்க. மாத்திரை டப்பா அங்கே இருந்தால் இன்றைக்கே இறக்கிடுங்க. பல மாத்திரை அட்டைகளில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லித்தான் அச்சடித்திருக்கும், எடுத்துப் பாருங்க.