யார் யாருக்கு உதவினார்? நட்பையும் ஊனத்தையும் பேச ஒரு நாவல்

எங்கள் வார இறுதி மக்தபில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அக்லாக் பாடம் எடுக்கும்போது, ‘ஊனமுற்றோரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?’ என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: ‘இரக்கம் காட்ட வேண்டும், ஹஜ்ரத்.’ பதில் தவறில்லை. ஆனால் இரக்கம் காட்டப்படும் பிள்ளைக்கு நண்பன் கிடைப்பதில்லை. அதனால் இந்த ஆண்டு ஒரு கதையைச் சொல்லிப் பார்த்தேன்.

அமெரிக்க எழுத்தாளர் ராட்மன் ஃபில்ப்ரிக் 1993இல் எழுதிய ‘ஃப்ரீக் தி மைட்டி’ என்ற சிறுவர் நாவல் அது. கதையைச் சொல்பவன் மேக்ஸ். வயதுக்கு மீறிய உடம்பு, படிப்பு ஏறவில்லை. தாத்தா பாட்டி வீட்டில் நிலவறையில் வசிக்கிறான். பக்கத்து வீட்டுக்கு வருகிறான் கெவின். உடல் வளராத நோய், காலில் இரும்புப் பட்டை, கையில் ஊன்றுகோல். ஆனால் அபாரமான அறிவு. வாணவேடிக்கை பார்க்கப் போன இடத்தில் கூட்டம் மறைக்கிறது. மேக்ஸ் கெவினைத் தூக்கித் தன் தோளில் உட்கார வைக்கிறான். அன்றே ஒரு முரட்டுக் கும்பல் துரத்துகிறது. மேலே இருந்தபடி கெவின் வழி சொல்ல, மேக்ஸ் ஓடித் தப்பிக்கிறான்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ‘யார் யாருக்கு உதவினார்?’ என்று கேட்டேன். ‘மேக்ஸ்தான் கெவினுக்கு’ என்றது முன்வரிசை. சத்தமாக வாசிக்கச் சொன்னால் எப்போதும் தலையைக் குனிந்துகொள்ளும் ஒரு மாணவன் மட்டும் கடைசியில் இருந்து சொன்னான்: ‘இல்ல ஹஜ்ரத். கெவின் இல்லேன்னா மேக்ஸ் மாட்டியிருப்பான்.’

நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கெவினோடு சேர்ந்த பிறகுதான் மேக்ஸ் வழக்கமான வகுப்புக்குப் போகிறான், வாசிக்கிறான். கெவினின் குறை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. மேக்ஸின் குறை தெரிவதில்லை. அதை ஊர் ‘மந்தபுத்தி’ என்று சொல்லிவிடுகிறது. நம் வீடுகளில் எழுத்துகள் குழம்பும் பிள்ளையை ‘சோம்பேறி’ என்று அடிக்கிறோமே, அதே கதைதான். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று என்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

அடுத்து, பெயர் விஷயம். ‘ஃப்ரீக்’ என்றால் விசித்திரப் பிறவி. பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதை சூரா அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. ‘அப்படியானால் கெவின் ஏன் அந்தப் பெயரை ஏற்றான்?’ என்று பிள்ளைகள் மடக்கினார்கள். ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசையில் ‘அல்அஃரஜ்’ என்ற பெயரை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். முடவர் என்று பொருள். அடையாளத்துக்காக அறியப்பட்ட பெயரைச் சொல்லலாம், இழிவாகச் சொல்வது ஹராம், வேறு பெயரால் அடையாளம் காட்ட முடிந்தால் அதுவே சிறந்தது என்று இமாம் நவவீ (ரஹ்) விளக்குகிறார்கள். கெவினோ அந்த வசைச்சொல்லைத் தங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு வீரப் பெயராக மாற்றிவிடுகிறான். அது அவன் உரிமை. அதைக் காட்டி நாம் தெருவில் ஒருவரை ‘நொண்டி’ என்று கூப்பிட முடியாது.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்; அவர்களுக்காக சூரா அபஸ இறங்கியது என்பதோடு நிறுத்திவிடுகிறோம். பார்வையற்ற அந்த ஸஹாபி மதீனாவில் பாங்கு சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் பயணம் போனபோது ஊரின் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஜமாஅத் தொழுகைக்கு வருவதிலிருந்து சலுகை கேட்டபோது, பாங்கு காதில் விழுகிறதா என்று விசாரித்து, அப்படியானால் வரவேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு இது கடுமையாகப் பட்டது. எனக்கு அது கண்ணியமாகப் படுகிறது: நீங்கள் இல்லாமல் ஸஃப் நிறையாது என்பதுதானே அதன் பொருள்?

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. மேக்ஸின் தந்தை தன் மனைவியையே கொன்று சிறை சென்றவன். அந்தப் பகுதிகள் சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். கெவின் இறந்துவிடுகிறான். எந்திர உடல் கிடைக்கப்போகிறது என்று அவன் நண்பனிடம் சொல்லிவந்தது நடக்காது. ‘அவன் பொய் சொன்னானா, ஹஜ்ரத்?’ என்று கேட்டபோது உடனே ஃபத்வா கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் நோயாளிப் பிள்ளை உள்ள ஒரு மாணவி, ‘பயத்தை மறைக்கத்தான் சொல்லியிருப்பான்’ என்றாள். அதற்கு மேல் நானும் பேசவில்லை.

அடுத்த வாரம் அந்தக் கடைசி வரிசைப் பையன் என்னிடம் வந்து கேட்டான்: ‘நம்ம பள்ளிவாசல்ல ஒளுச் செய்யற இடத்துக்கு நாலு படி இருக்கே, கெவின் வந்தா எப்படி ஏறுவான்?’ நிர்வாகக் கூட்டத்தில் வைக்க அந்தக் கேள்வியை அவன் கையாலேயே எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. திருத்தவில்லை.