பின்வாசலால் வந்த புளிப்பு

ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்க நேர்ந்தால், “கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று” என்று சலித்துக்கொள்வது நம்மவர் வழக்கம். அதே நாம், விடியற்காலையில் அடுப்படியை எட்டிப் பார்த்து, “அப்பத்து மா நன்றாகப் புளித்துவிட்டதா?” என்று ஆவலோடு வினவுகிறோம். சலிப்புக்கும் அச்சொல்லே; சுவைக்கும் அச்சொல்லே. இவ்விரண்டினுள் எது புளிப்பின் உண்மை முகம் என்பதை நாம் அறிந்துகொண்ட இடம் எதுவென்று சொன்னால், வாசகர்கள் வியப்படையக்கூடும். பெல்ஜிய தேசத்துத் தலைநகரிலுள்ள ஒரு பழைய பியர்ச் சாலைதான் அது!

கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை இதழிலே மதுவைப் பற்றி எழுதுவதா என்று யாரும் புருவத்தை நெரிக்க வேண்டா. ஆண்டுதோறும் திருக்குறளின் ‘கள்ளுண்ணாமை’ அதிகாரத்தை வகுப்பிலே படிப்பித்துவரும் நாம், குடிக்குச் சிபாரிசுக் கடிதம் எழுத முற்படவில்லை. துறைமுகத்தை அண்டி வாழும் லிங்கநகர் வாசிகளுக்குக் குடியின் கேடு ஏட்டில் படித்து அறியவேண்டிய விஷயமும் அன்று. நாம் சொல்லப்போவது ஒரு சுவையின் கதை. அதனோடு ஒட்டிய எமது வெட்கத்தின் கதையும் ஆகும்.

பாட்டியின் அப்பச்சட்டி

1980களின் பிற்பகுதியில் நாம் சிறு பையன். லிங்கநகரில் எங்கள் பாட்டியின் வீட்டில் அப்பம் சுடும் நாள் ஒரு சிறு திருநாளுக்கு ஒப்பானது. பாட்டி வடமராட்சியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அரிசிமாவைப் புளிக்கவைப்பதற்குக் கடையில் விற்கும் ‘ஈஸ்ற்’ தூளை அவர் கையாலும் தொடமாட்டார். “கள்ளு விட்ட அப்பத்துக்குத்தான் கரை முறுகும், நடு பஞ்சுபோல எழும்பும்” என்பார்.

அந்தக் கள்ளைக் கொண்டுவந்து தருபவர், பக்கத்து வளவுகளில் பனையேறிய சீவல் தொழிலாளி ஒருவர். காலையில் மரத்தால் இறங்கியதும், இடுப்பிலே பாளைக்கத்திக் கூடு தொங்க, கையில் முட்டியோடு எங்கள் பின்வாசலில் வந்து நிற்பார். பாட்டி ஒரு செம்பை நிலத்தில் வைப்பார். அவர் குனிந்து அதனுள் வார்த்துவிட்டு, இரண்டடி பின்வாங்கி நிற்பார். அவருக்குத் தேநீர் கொடுப்பதற்கென்று வேலியோரத்துத் தடியில் ஒரு தகரப் பேணி தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சாதி காரணமாக ஒருவரை ஒதுக்குவது குற்றமென்று இலங்கையில் 1957ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. எனினும் முப்பது ஆண்டுகள் கழிந்த பின்பும் அந்தச் சட்டம் எங்கள் வேலியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமற் சொல்லிவிட வேண்டும். அப்பொழுது அவருக்கு வயது முப்பதுக்கு மேல், எமக்கோ எட்டு. அவர் எம்மைத் “தம்பி, வாங்கோ” என்பார். நாமோ அவரைப் பெயர் சொல்லி, “நீ நாளைக்கும் வா” என்று ஏவுவோம். அது தவறென்று எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை.

காற்றிலே வரும் மதுவம்

கள் புளிப்பது எவ்வாறு என்பதைச் சற்று நோக்குவோம். பனம்பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவினால் இனிய சாறு சொட்டும். அதில் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு வரை சர்க்கரை உண்டு. முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசிவிட்டால் அந்தச் சாறு புளியாது. கருப்பநீராக இறங்கிப் பனங்கட்டி காய்ச்ச உதவும். சுண்ணாம்பு பூசாவிடில், காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியின் சுவரிலும் தங்கியிருக்கும் நுண்ணுயிர்கள் சாற்றிலே குடியேறிவிடும். மதுவம் சர்க்கரையை மதுசாரமாக்கும். பாலைத் தயிராக்கும் இனத்தைச் சேர்ந்த பற்றீரியாக்கள் இலற்றிக் அமிலத்தை உண்டாக்கிப் புளிப்பேற்றும். ஆகவே, முட்டி மரத்திலிருந்து இறங்குமுன்னரே சாறு கள்ளாகிவிடுகிறது. ஒரு நாளிலே மதுசாரம் ஏறக்குறைய 5 வீதத்தை எட்டும். மேலும் விட்டுவைத்தால் அசற்றிக் அமிலம் மிகுந்து கள் வினாகிரியாக மாறிவிடும்.

இனிப்புக்கும் வினாகிரிக்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரத்தை மூக்கினால் அறிந்து, இது அப்பத்துக்கு ஆகும், இது ஆகாது என்று பிரித்துச் சொல்வதுதான் சீவல் தொழிலாளியின் வித்தை. எந்தப் புத்தகத்திலும் அது எழுதப்படவில்லை.

பிரசெல்ஸ் நகரத்து ஒட்டடை

2023ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில், பிரசெல்ஸ் நகரிலே குடியிருக்கும் தம்பியிடம் சென்றிருந்தோம். அவர் ஒரு நாள், “அண்ணா, நீங்கள் பார்க்கவேண்டிய ஓரிடம் இருக்கிறது” என்று, அண்டர்லெக்ற் பகுதியில் 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘கன்ரியோன்’ என்னும் மதுவடிக்கும் சாலைக்கு அழைத்துச் சென்றார். அங்கு ஆக்கப்படுவது ‘லாம்பிக்’ என்னும் புளித்த பியர்.

முளைவிட்ட பார்லியையும் முளைவிடாத கோதுமையையும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். கோதுமை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. கசப்பு நீங்கும்வரை ஆண்டுக்கணக்கில் பழையதாக்கிய ஹொப்ஸ் பூவையும் சேர்க்கிறார்கள். கொதித்த கஞ்சியை, கூரையின் கீழுள்ள அகன்ற, ஆழமில்லாத செப்புத் தொட்டியிலே ஓரிரவு திறந்து வைக்கிறார்கள். மதுவம் என்று எதனையும் அவர்கள் இடுவதில்லை. இரவுக் காற்று கொண்டுவந்து சேர்ப்பதே மதுவம்! கோடைக் காற்றில் வேண்டாத கிருமிகள் மிகுதி என்பதால், குளிர்ந்த மாதங்களிலே மாத்திரம் இவ்வேலை நடைபெறும். அதன்பின் மரப்பீப்பாய்களில் மூன்று ஆண்டுகள் வரை உறங்கவிடுகிறார்கள். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு முதிர்ந்தவற்றைக் கலந்து போத்தலில் அடைத்தால் அதற்குக் ‘குயஸ்’ என்று பெயர். புளிப்புச் செரிப்பழத்தை ஊறவைத்தால் அது ‘கிறீக்’. பூச்சிகளைச் சிலந்தி பிடிக்கட்டும் என்று, பீப்பாய்க்கிடங்கின் ஒட்டடையைக்கூட அவர்கள் அடிப்பதில்லை.

ஒரு சிறு கிண்ணத்திலே குயஸ் தந்தார்கள். முதல் மிடறில் முகம் சுளித்தோம். இரண்டாவது மிடறு எலுமிச்சையையும் ஈரமான மரப்பட்டையையும் நினைவூட்டியது. மூன்றாவது மிடற்றுக்காகக் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுசென்றபோது திகைத்து நின்றுவிட்டோம். அது பாட்டியின் செம்பில் எழுந்த மணம். லிங்கநகரின் பின்வாசல், ஐயாயிரம் மைலுக்கு அப்பால், கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்தது!

குற்றமாகக் கருதப்பட்ட சுவை

ஐரோப்பாவிலும் புளிப்புக்கு என்றும் மரியாதை இருந்ததில்லை. 1876இல் லூயி பாஸ்ரர் பியரைப் பற்றித் தாம் எழுதிய நூலில், பியர் கெடுவதற்கு வேற்று நுண்ணுயிர்களே காரணம் என்று விளக்கினார். 1883இல் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்ரியன் ஹன்சன், ஒரே உயிரணுவிலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்தார். அதன்பின் தெளிந்த, ஒரே சுவையுள்ள பியர் உலகெங்கும் பரவியது; புளிப்பு ஒரு குற்றமாயிற்று. ஜெர்மனியில் உப்பும் கொத்தமல்லியும் இட்டு ஆக்கும் ‘கோஸ’ என்னும் புளித்த பியர் அடியோடு மறைந்துபோய்ப் பின்னரே மீட்கப்பட்டது. உப்பும் கொத்தமல்லியும் என்றதும் வாசகர்களுக்கு மோர் நினைவுக்கு வந்தால், அது பிழையன்று. ஆயினும் சிலர் விடாப்பிடியாகப் பழைய முறையைக் காத்தனர். 2016ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாடு முழுவதையும் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

நமக்கு இவ்வித்தை புதிதா? பத்துப்பாட்டிலுள்ள பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டிப் பார்ப்போம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அங்கே வலைஞர் குடியிருப்பில் மது ஆக்கும் முறையைக் கூறுகிறார். அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆறவிட்டு, முளைத்தானிய மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியிலே விளையவிட்டு வடிப்பார்களாம். முளைத்தானியமும் உண்டு, அகன்ற பாத்திரத்திலே ஆறவிடுதலும் உண்டு. லாம்பிக் சாலையின் வாசலில் நின்று பார்த்தால், நெய்தல் நிலத்து வலைஞர் சேரி வெகுதூரமன்று.

“இதை ஆர் இறக்கினவர்?”

ஊர் திரும்புகையில் ஒரு போத்தல் குயஸ் கொண்டுவந்தோம். பாட்டி இன்று இல்லை. அந்தச் சீவல் தொழிலாளி இருக்கிறார், எழுபதைத் தாண்டிவிட்டார். முழங்கால் வலியினால் மரமேறுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆயின. பிள்ளைகள் வேறு தொழில்களில் இருக்கிறார்கள். அவர் ஏறிய பனைகளுட் சில இன்னும் நிற்கின்றன, சீவுவார் இல்லை.

அவருடைய வீட்டு முற்றத்தில் அமர்ந்து போத்தலைத் திறந்தோம். “ஐயா, இதை ஒருக்கா மணந்து பார்த்துச் சொல்லுங்கோ” என்றோம். அவருக்கு எம் வாயிலிருந்து “ஐயா” என்ற சொல் வந்தது அதுவே முதல் முறை. அவர் நிமிர்ந்து எம்மைப் பார்த்தார்; ஒன்றும் பேசவில்லை. கிண்ணத்தை வாங்கிக் கண்ணை மூடி மணந்தார். ஒரு துளி நாவில் வைத்தார்.

“மாஸ்ரர், இது மூன்றாம் நாள் கள்ளின்ரை மணம். ஆனால் கெடயில்லை. ஆரோ பொறுமைசாலி காத்திருந்து எடுத்திருக்கிறார்” என்றார். சற்றுப் பொறுத்து, “இதை ஆர் இறக்கினவர்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எம்மைச் சுட்டது. பாட்டியின் அப்பத்தைப் புகழாத விருந்தினர் இல்லை. எத்தனையோ காலைகளில் நாமும் கரையைக் கிள்ளித் தின்று கைதட்டியிருக்கிறோம். “இந்தக் கள்ளை ஆர் இறக்கினவர்?” என்று அந்த வீட்டில் ஒருவரேனும் கேட்டதுண்டா? அவரது வித்தையை அடுப்படிக்குள் எடுத்துக்கொண்டு, அவரைப் பின்வாசலிலேயே நிறுத்திவிட்டோம். புளித்துப்போனது கள்ளன்று, எங்கள் வழக்கந்தான்.

சென்ற மாதம் எங்கள் வீட்டில் அப்பம் சுட்டோம். கள் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்தது. அவரை முன்வாசலால் அழைத்து வந்து அடுப்படியிலே மாவைக் காட்டினோம். “இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுங்கோ” என்றார். பொறுத்தோம். கரை முறுகியது, நடு பஞ்சுபோல் எழும்பியது. மேசையில் எம்மருகே அமர்ந்து அவர் மூன்று அப்பம் உண்டார். எங்கள் மகள் நான்காவதைக் கொண்டுவந்து, “தாத்தா, இன்னும் ஒன்று சாப்பிடுங்கோ” என்றாள்.