கணக்குத் தெரிந்த காவலன்

ஷேர் மார்க்கெட்டைக் காவல் காக்க வக்கீல்களும் ஆடிட்டர்களும் போதாதா, பொருளாதாரம் படித்தவர்கள் செபிக்கு எதற்கு என்று சங்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். வங்கியில் முப்பது வருடம் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

1992-ல் ஹர்ஷத் மேத்தா ஊழல் வெளிவந்தது. செபிக்குச் சட்டபூர்வ அதிகாரம் கிடைத்ததும் அதே ஆண்டில்தான். திருட்டு நடந்தால் ஆளைப் பிடிக்கச் சட்டம் தெரிந்தவர் வேண்டும், சரி. ஒருவரும் விதியை மீறாமலேயே ஜனங்களின் பணம் கரைந்தால்?

ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் நடந்தது அதுதான். மாட்டுங்காவிலும் டோம்பிவிலியிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் லோக்கல் ரயிலில் நின்றபடியே செல்போனில் வாங்கி விற்கிறார்கள். லாபம் வந்த நாளில் வீட்டுக்கு ஸ்வீட் வரும். நஷ்டம் வந்த நாளில் பேச்சே இருக்காது. என் தங்கை மகன் கல்யாணத்துக்கென்று சேர்த்ததில் பாதி போன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. இப்படி எத்தனை வீடுகள் என்று வெளியிலிருந்து எவரும் எண்ண முடியாது. எல்லோருடைய வரவு செலவையும் திரட்டிப் பார்க்கும் அதிகாரம் செபிக்கு உண்டு.

எண்ணிப் பார்த்தார்கள். 2021-22-ல் தனிநபர்களில் 89 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று 2023 ஜனவரியில் வெளியிட்டார்கள். 2024 செப்டம்பரில் வந்த ஆய்வோ தூக்கிவாரிப் போட்டது: மூன்று நிதியாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களில் 93 சதவீதம் பேர் இழந்திருக்கிறார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இதற்கு எந்த செக்‌ஷனில் வழக்குப் போடுவது? அடுத்த மாதமே வாராந்திர ஆப்ஷன்களை எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு குறியீடு என்று செபி சுருக்கியது.

என் குறை வேறு. நிஃப்டிக்கு வாராந்திர ஆப்ஷன் வந்தது 2019-ல். நஷ்டக் கணக்கு வந்தது நான்கு ஆண்டு கழித்து. அமெரிக்காவின் எஸ்.இ.சி. 2009-ல் பொருளாதார நிபுணர்களுக்குத் தனிப் பிரிவு தொடங்கியது. 2011-ல் அதன் விதி ஒன்றை, பொருளாதார விளைவைச் சரியாக ஆராயவில்லை என்று கோர்ட் ரத்து செய்தது. அதன்பின் விதியை எழுதத் தொடங்கும்போதே நிபுணர்களையும் உட்கார வைத்துக்கொண்டார்கள். செபியிலும் பொருளாதார ஆய்வுத் துறை இருக்கிறது. புதிய வியாபாரத்துக்கு அனுமதி தருமுன்பே அவர்கள் கருத்தைக் கேட்டு, அதை நாம் படிக்க வெளியிடவும் வேண்டும். 2024-25-லும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று செபியே சொல்லியிருக்கிறது.

பொருளாதாரமோ புள்ளியியலோ எம்.ஏ. படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு தகவல்: செபியின் கிரேடு 'ஏ' அதிகாரிகளுக்கான தேர்வில் ஆராய்ச்சிப் பிரிவுக்கும் தனியாக ஆள் எடுக்கிறார்கள்.