ஒரு புள்ளி செய்த வேலை

ஒரு புள்ளி என்ன செய்துவிடும் என்கிறீர்களா? கோலத்தில் குறைந்தால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். சி.என்.சி. லேத்தில் குறைந்தால் வேலையே போகலாம். எனக்குப் போகப் பார்த்தது.

நெல்லைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. நான் சேர்ந்து மூன்றாவது மாதம். கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைக் கடையும் லேத் அது. 40 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கடைந்து முடித்த டூல், 50-க்கு விலகி நிற்க வேண்டும். அதற்கு ‘எக்ஸ் 50.’ என்று தட்ட வேண்டும். கடைசியில் ஒரு புள்ளி இருக்கிறதே, கவனித்தீர்களா? நான் கவனிக்கவில்லை!

புள்ளி இல்லாவிட்டால் எங்கள் மிஷின் அதை 50 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும். அதாவது 0.05 மில்லிமீட்டர். விலக வேண்டிய டூல், சொன்ன பேச்சைத் தட்டாமல், சுற்றுகிற இரும்பின் மையத்தை நோக்கிப் பாய்ந்தது. டமார்! முனை உடைந்து தெறித்தது. கதவு மூடியிருந்ததால் என் மூக்கு தப்பியது.

சூப்பர்வைசர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “ஒரு வாரம் இரும்புச் சுருளை அள்ளுங்க தம்பி. அப்புறம் பார்க்கலாம்” என்றார். ‘அப்புறம்’ என்றால் என்ன என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறினேன். மாமா அங்கே சொப்புச் சாமான் கடைகிறவர். குட்டிக் குடம், உரல், உலக்கை, திருகை... சுழலும் மரத்தில் உளி வைத்தால் உருவம் வரும். அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசுகிற சூட்டிலேயே உருகி வர்ணம் ஏறும். மைக்ரோமீட்டர் எல்லாம் கிடையாது.

“பாழாப்போன மிஷின், மாமா!” என்று புலம்பினேன்.

“மிஷின் என்னலே தப்பு பண்ணுச்சு? நீ சொன்னதத்தான செஞ்சிருக்கு! நான் உளிய கோணலா வெச்சா கையில உதறிச் சொல்லிரும். ஒன் உளிய எந்தக் கையும் பிடிக்கல. அப்ப மொத சாமான மட்டுமாவது மெதுவாக் கடையணும்லே. சத்தத்தக் கேட்டுக்கிட்டே கடையணும்.”

கை பிடிக்காத உளிக்கு வயது 70-க்கு மேல். ஹெலிகாப்டர் இறக்கை தயாரித்துக்கொண்டிருந்த அமெரிக்கர் ஜான் பார்சன்ஸ், வளைவுகளை எண்களாக்கி மிஷினுக்கு ஊட்டலாம் என்று யோசித்தார். 1952-ல் எம்.ஐ.டி.யில் அப்படி ஒரு மில்லிங் மிஷினை ஓட்டியே காட்டினார்கள். கட்டளையெல்லாம் துளை போட்ட நாடாவில்! பிற்பாடு நாடா போய் கம்ப்யூட்டர் வந்தது. சொன்னதை மட்டும் செய்கிற குணம் மட்டும் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து மறுபடி மிஷின் முன்னால் நின்றேன். ‘சிங்கிள் பிளாக்’ பட்டனைப் போட்டேன். புரோகிராமில் ஒரு வரி ஓடி நிற்கும். நாம் அழுத்தினால்தான் அடுத்த வரி. வேகத்தைக் குறைத்து, நிறுத்துகிற பட்டனில் விரலை வைத்து, காதைத் தீட்டிக்கொண்டு முதல் பீஸைக் கடைந்தேன்.

சூப்பர்வைசர் மைக்ரோமீட்டரில் அளந்தார்.

“39 புள்ளி 99” என்றார். ‘புள்ளி’யைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார்.