காருக்குள் ஒரு கச்சேரி!

வானிலை அறிக்கையில் 'கனமழை' என்ற வார்த்தை வந்துவிட்டால் போதும், எங்கள் வேளச்சேரியில் யாரும் குடையைத் தேடமாட்டார்கள்; கார் சாவியைத் தேடுவார்கள்! 2015 டிசம்பர் வெள்ளத்தில் பட்ட பாடு அப்படி. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தபோது, மேம்பாலத்தின் ஓரம் நெடுகக் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்தார்களே, பேப்பரில் படம் பார்த்தீர்களா, குழந்தைகளே?

எங்கள் வீட்டுக் காருக்கு 2023 டிசம்பரில் அந்த யோகம் இல்லை. 'மிக்ஜாம்' புயல் மழையின்போது அது தெருவிலேயே நின்றுவிட்டது. கதவின் கீழ்ப்பகுதி வரை தண்ணீர். நல்லவேளை, யாரும் அவசரப்பட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை. மெக்கானிக் வந்து இழுத்துக்கொண்டு போய், காயவைத்து, ஆயில் மாற்றி ஓடவைத்துக் கொடுத்தார். ஆனால் பாட்டுப் போட்டால் மட்டும் 'கர்ர்... கொர்ர்...' என்று ஒரே இரைச்சல்! டேஷ்போர்டில் இருக்கும் செட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவுக்குள் கீழே இருக்கும் ஸ்பீக்கர்கள்தான் ஊறிப் போயிருந்தன.

அப்போது ஏழாம் வகுப்புப் படித்த என் பேரனுக்கு ஒரே குஷி. "தாத்தா, கம்பெனி செட்டையே தூக்கிட்டுப் புதுசு போட்டுடலாம்! டிக்கியில பெரிய பெட்டி வச்சு டம் டம்னு அதிரணும்!" என்றான். அவன் பாட்டியோ, "எனக்குக் கச்சேரியில தம்புரா காதுல விழுந்தா போதும்டா" என்றாள். என் மகன், "பத்தாயிரம் ரூபாய்க்கு மேல ஒரு பைசா கிடையாது" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டான். பணத்தை எதில் போடுவது என்ற பொறுப்பு தாத்தா, பேரன் இருவர் தலையிலும் விழுந்தது.

ஒரு சனிக்கிழமை பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஜி.பி. ரோட்டுக்குப் போனோம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்பது முழுப் பெயர். அண்ணா சாலையிலிருந்து பிரியும் இந்தத் தெரு, கார் சாமான்களுக்குப் பேர்போனது. சீட் கவர், விளக்கு, ஹாரன், பாட்டுப் பெட்டி என்று கடைக்குக் கடை தொங்கும்.

அட்டைப்பெட்டிக் கணக்கு

கடைக்காரர் ஒரு புது செட்டை எடுத்துக் காட்டினார். அட்டைப்பெட்டியின் மேல் 'நான்கு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "ஐயோ, 200 வாட்!" என்று பேரன் துள்ளினான். நான் செட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு குட்டி ஃபியூஸ். அதில் '10' என்று எழுதியிருந்தது. அதாவது 10 ஆம்பியர்.

கணக்கு நோட்டை எடுங்கள், பார்க்கலாம்! வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். கார் பேட்டரி 12 வோல்ட். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் வரை வரும். 14 × 10 = 140. செட்டுக்குள் தொடர்ந்து நுழையக்கூடிய மின்சாரமே 140 வாட்தான் என்றால், 200 வாட் ஓசை எப்படி வெளியே வரும்? அண்டாவில் 14 குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு 20 குடம் மொண்டு எடுக்க முடியுமா? உள்ளே போவதிலும் ஒரு பங்கு சூடாகிப் போய்விடும்.

கடைக்காரரிடமே கேட்டேன். சிரித்துவிட்டார். "சார், அது ஒரு கணம் மட்டும் எட்டுற உச்சம். தொடர்ந்து பாடினா ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் கிட்டதான் வரும்" என்றார். பெட்டிக்குள் இருக்கும் தாளில் 'ஆர்.எம்.எஸ்.' என்று ஓர் எண் இருக்கும். உண்மையான கணக்கு அதுதான். நீங்கள் கடைக்குப் போனால் அந்த எண்ணைக் கேளுங்கள். பெரியவர்களே அசந்துபோவார்கள்!

அப்படியானால் டிக்கியில் அதிரும் பெரிய பெட்டி? அதற்குத் தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டும். 300 வாட் ஆம்ப்ளிஃபயர் என்றால், 300 ÷ 12 = 25 ஆம்பியர். மெல்லிய ஒயரில் அவ்வளவு மின்சாரம் ஓடினால் ஒயர் சூடேறி உருகும்; தீப்பிடிக்கவும் கூடும். அதனால் பேட்டரியிலிருந்தே விரல் தடிமனில் தனி ஒயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் போடவேண்டும். பெட்டி, ஆம்ப்ளிஃபயர், ஒயர், கூலி என்று பேரன் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தான். பத்தாயிரத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. கதவு ஸ்பீக்கருக்கு மிச்சம் சைபர்! முகம் வாடிவிட்டது, பாவம்.

காரில் பாட்டுக் கேட்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1930-ல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் தன் காரிலேயே ஒரு ரேடியோவைப் பொருத்தினார். கம்பெனிக்காரர்கள் காரோடு சேர்த்து ரேடியோ கொடுக்காத காலம் அது. வெளியே வாங்கித்தான் மாட்டவேண்டும். அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர்தான் 'மோட்டோரோலா'. பின்னாளில் செல்போன் விற்றார்களே, அதே பெயர்தான்! அந்தக் காலத்தில் பெரிய தொல்லை என்ன தெரியுமா? இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கில் பொறி பறக்கும்போதெல்லாம் ரேடியோவில் 'பட் பட்' என்று சத்தம் வரும். இன்றைக்கும் அந்தத் தொல்லையின் தம்பி ஒருவன் இருக்கிறான். மின்சார ஒயரையும் பாட்டு ஒயரையும் ஒன்றாகக் கட்டிவிட்டால், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙொய்ய்ங்' என்று ஒரு ஓசை கூடவே ஏறும். தெரிந்த மெக்கானிக் ஒன்றை வலப்பக்கமும் மற்றொன்றை இடப்பக்கமும் கொண்டுபோவார்.

கடைசியில் கம்பெனி செட்டை அப்படியே விட்டுவிட்டு, நான்கு கதவுக்கும் நல்ல ஸ்பீக்கர் மட்டும் வாங்கினோம். மறுவாரம் வேளச்சேரியிலேயே ஒரு கடையில் காரை விட்டோம். கதவின் உள் அட்டையைக் கழற்றியதும் பேரன் கண்ணை அகல விரித்தான். பழைய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு, மழையில் நனைந்த நோட்டுப் புத்தகம் போல் உப்பிக் கிழிந்திருந்தது.

ஸ்பீக்கருக்குள் இருப்பது மூன்றே முக்கியச் சாமான்: ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், ஒரு கூம்பு. சுருளில் மின்சாரம் மாறி மாறிப் பாயும்போது காந்தம் அதைத் தள்ளும், இழுக்கும். கூடவே கூம்பும் ஆடும். காற்று அதிரும். அதுதான் பாட்டு! பெரிய கூம்பு மிருதங்கத்தின் தொப்பி மாதிரி, கனத்த ஓசைக்கு. நடுவில் இருக்கும் குட்டி 'ட்வீட்டர்' ஜால்ரா மாதிரி, கூரிய ஓசைக்கு.

வீட்டில் பழைய ஸ்பீக்கர் கிடந்தால் ஒன்று செய்து பாருங்கள். டார்ச் லைட்டின் ஒன்றரை வோல்ட் செல்லை அதன் இரண்டு முனையிலும் ஒரே ஒரு கணம் தொடுங்கள். கூம்பு முன்னால் துள்ளும். செல்லைத் திருப்பிப் பிடித்தால் பின்னால் போகும்! காரில் ஒரு ஸ்பீக்கரை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் இணைத்துவிட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். கனத்த ஓசை காணாமல் போய்விடும். (பிளக் பாயின்ட் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், அது 230 வோல்ட்!)

மெக்கானிக் கம்பெனி ஒயரை வெட்டவே இல்லை. அதற்கென்று விற்கும் கப்ளரைச் செருகினார். மிச்சப் பணத்தில் கதவின் தகரத்தில் ரப்பர் மாதிரி ஒரு தாளை ஒட்டினார். தட்டிப் பார்த்தேன். தகர டப்பா போல் 'டங்' என்ற கதவு, மரப்பலகை போல் 'தொப்' என்றது.

கேட்காத ஓசை

எல்லாம் முடிந்ததும் பென் டிரைவிலிருந்து ஓசைகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுச் சோதித்தார். 100 ஹெர்ட்ஸ், உறுமல். 1,000, விசில். 8,000, கொசு போல மெல்லிசாக. அடுத்து 12,000 என்றார்.

"போடுங்க" என்றேன்.

"ஓடுது சார்."

"தாத்தா, காது கூசுதே! உங்களுக்குக் கேக்கலையா?" என்றான் பேரன்.

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. மூவரும் சற்றுநேரம் பேசவில்லை.

நம் உள்காதில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் மயிரிழை போன்ற நுனி உள்ள செல்கள், காதுக்குச் சுமார் 15 ஆயிரம். வயதாக ஆக, கூரிய ஓசையைப் பிடிக்கும் செல்கள்தான் முதலில் உதிரும். அதிக சத்தமும் அவற்றை அழிக்கும். போனால் திரும்ப முளைக்காது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்றால், வெறும் 3 டெசிபல் கூடினாலே 4 மணி நேரம்தான். இன்னும் 3 கூடினால் 2 மணி நேரம். இது வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கான கணக்கு. குழந்தைகளுக்கு வாரத்தில் 40 மணி நேரம் 75 டெசிபல் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்ணாடி ஏற்றிய கார் ஒரு சின்ன அறை. சத்தம் தப்பிப் போக வழியில்லை. ஆம்புலன்ஸ் சைரன் உள்ளே வரவும் வழியில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், டேஷ்போர்டில் வால்யூம் எண் 24-ல் இருந்தது. பேரன் எதுவும் சொல்லாமல் கையை நீட்டி 14-க்குக் கொண்டுவந்தான். அன்று மாலை பாட்டி முன் சீட்டில் உட்கார்ந்து கச்சேரி கேட்டாள். பாட்டு ஆரம்பிக்கும் முன்பே, "தம்புரா கேக்குதுடா!" என்றாள்.

இன்றுவரை எங்கள் காரில் 14-ஐத் தாண்டுவதில்லை. மார்கழியில் மட்டும் பாட்டி 18 வைப்பாள். அவளிடம் யார் போய்க் கேட்பது!