பொதுப் பட்டியில் நடப்புப் பக்கத்தைக் குறித்துக் காட்டுதல்

ஓர் இணையதளத்தின் எல்லாப் பக்கங்களிலும் ஒரே மாதிரி இடம்பெறும் இணைப்புகளின் தொகுப்பு வழிசெலுத்தல் பட்டி எனப்படும். மெனு என்றால் எல்லோருக்கும் விளங்கும். வாசகர் அப்போது திறந்து வைத்திருக்கும் பக்கத்தின் பெயரை மட்டும் அந்தப் பட்டியில் தடித்த எழுத்தாலோ, அடிக்கோட்டாலோ, பின்புல நிறத்தாலோ வேறுபடுத்துவதே நடப்புப் பக்கத்தைக் குறித்துக் காட்டுதல். இன்று மாணவர்களில் பலர் தேடுபொறி வழியாக நேராக ஓர் உள்பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள். முகப்புப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. தாம் எங்கே நிற்கிறோம் என்பதை அவர்களுக்குச் சொல்ல இந்தக் குறி வேண்டும்.

சிக்கல் 'பொது' என்ற சொல்லில் இருக்கிறது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் தடத்தின் படத்தை ஒரே அச்சாக அடித்து எல்லா நிலையங்களிலும் ஒட்டுவதாக வைத்துக்கொள்வோம். நிலையங்களின் பெயர்களை அச்சிலேயே போட்டுவிடலாம். 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' என்ற சிவப்புப் புள்ளியை மட்டும் அச்சில் போட முடியாது. பல்லாவரத்தில் ஓரிடம், குரோம்பேட்டையில் வேறிடம். பட்டியும் அப்படித்தான். அதை ஒரே கோப்பில் எழுதி எல்லாப் பக்கங்களும் பயன்படுத்தும்போது, எந்தப் பக்கத்திலிருந்து அழைக்கப்படுகிறோம் என்பது அந்தக் கோப்புக்குத் தெரியாது. அதற்காகப் பட்டியை ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியே நகலெடுத்து ஒட்டுவது தவறான வழி. 40 பக்கங்கள் உள்ள தளத்தில் ஒரு புதிய தலைப்பு சேர்ந்தால் 40 திருத்தங்கள் செய்ய வேண்டும். அவற்றில் இரண்டு மூன்று நிச்சயம் விட்டுப்போகும்.

எளிய தீர்வு, பக்கமே தன் பெயரைச் சொல்வது. பி.எச்.பி. மொழியில் ஒவ்வொரு பக்கமும் தன் பெயரை ஒரு மாறியில் எழுதிவிட்டு, அதன்பின் பட்டிக் கோப்பை அழைக்கும். பட்டி ஒவ்வோர் இணைப்பையும் அந்தப் பெயரோடு ஒப்பிட்டு, பொருந்துவதற்குக் குறியிடும். வரிசை முக்கியம்: பட்டியை அழைத்த பிறகு பெயரைச் சொன்னால் பயனில்லை. தொடங்குவோர் பலர் தடுமாறுவது இங்கேதான்.

பக்கம் பெயர் சொல்லாமலேயே, உலாவியில் உள்ள முகவரியைக் கொண்டு கண்டுபிடிப்பது இன்னொரு வழி. முகவரியின் தொடக்கம் பொருந்தினால் போதும் என்று நிரல் எழுதினால், '/தமிழ்' என்ற இணைப்பு '/தமிழ்நாடு' பக்கத்திலும் ஒளிரும். முகப்பின் முகவரி வெறும் '/' என்பதால் அது எல்லாப் பக்கத்திலும் ஒளிரும்.

2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே கட்டுரைகளின் அடியில் வரும் இணைப்புப் பெட்டிகள் வார்ப்புருக்களாக ஒரே இடத்தில் எழுதப்படுகின்றன. தென்சென்னைப் புறநகர்களுக்கு அப்படி ஒரு வார்ப்புரு எழுதினால், மேடவாக்கம் கட்டுரையில் 'மேடவாக்கம்' என்ற சொல் மட்டும் தானாகவே தடித்த எழுத்தாகி, இணைப்பை இழந்து நிற்கும். தாம்பரம் கட்டுரையில் 'தாம்பரம்' அவ்வாறு நிற்கும். யாரும் தனியே நிரல் எழுத வேண்டியதில்லை. ஒரு பக்கம் தன்னையே இணைத்தால் அதை இணைப்பாகக் காட்டாமல் தடித்துக் காட்டுவது மீடியாவிக்கி மென்பொருளின் இயல்பு. ஆனால் கட்டுரையின் தலைப்பு 'சோழிங்கநல்லூர்' என்றிருக்க, வார்ப்புருவில் 'சோளிங்கநல்லூர்' என்று எழுதி, வழிமாற்று மூலம் சரியான பக்கத்துக்குப் போகும்படி விட்டிருந்தால், இந்தத் தடிப்பு வராது. சொடுக்கினால் சரியாகப் போவதால் பிழை கண்ணில் படுவதும் இல்லை. வார்ப்புருவில் கட்டுரையின் உண்மையான தலைப்பையே இணைக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

தமிழில் முகவரி வைக்கும் தளங்களுக்கு மேலும் இரண்டு தொல்லைகள் உண்டு. 'மேடவாக்கம்' நம் கணக்கில் 6 எழுத்து. ஒருங்குறியில் அது 10 குறிகள், யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் % குறியோடு சேர்ந்து 3 எழுத்துருக்களாகும். ஆக மொத்தம் 90. உலாவியின் முகவரிப் பட்டையில் நாம் தமிழைப் பார்த்தாலும், ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குக் கிடைப்பது அந்த 90 எழுத்துருக்கள்தான். அதைப் பட்டியில் உள்ள தமிழ்ச் சொல்லோடு நேராக ஒப்பிட்டால் ஒருபோதும் பொருந்தாது. முதலில் தமிழாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது தொல்லை இன்னும் நுட்பமானது. 'சோ' என்ற எழுத்தில் உள்ள ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம்; ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அவை வெவ்வேறு சரங்கள். 'கோவிலம்பாக்கம்' பக்கம் மட்டும் ஒளிரவில்லை என்றால் இதைச் சந்தேகிக்கலாம். ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒருங்குறி இயல்பாக்கம் என்ற முறை இருக்கிறது. மீடியாவிக்கி அதைத் தானே செய்துகொள்கிறது. சொந்தமாகத் தளம் அமைப்பவர் தாமே செய்துகொள்ள வேண்டும். பக்கங்களுக்கு எண்ணோ குறுஞ்சொல்லோ அடையாளமாகக் கொடுத்து அதையே ஒப்பிடுவது இதைவிட நல்லது என்பது என் கருத்து.

சரியான இணைப்பைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிவதில்லை. நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லக் கூடாது என்பது 2008-இல் வெளியான இணைய அணுகல் வழிகாட்டி 2.0-இன் அடிப்படை நிலை விதிகளில் ஒன்று. ஆகவே நிறத்தோடு அடிக்கோடோ தடிப்போ சேர வேண்டும். பார்வையற்ற மாணவர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கு அந்தத் தடிப்பையும் நம்ப முடியாது. அதற்கென 'ஏரியா-கரன்ட்' என்ற பண்பு உண்டு. 2017 டிசம்பரில் டபிள்யூ3சி பரிந்துரையான ஏரியா 1.1-இல் அது இடம்பெற்றது. நடப்புப் பக்கத்தின் இணைப்பில் அதற்கு 'பேஜ்' என்ற மதிப்பைக் கொடுத்தால், திரைவாசிப்பான் அந்த இணைப்பைப் படிக்கும்போது இதுதான் நடப்புப் பக்கம் என்றும் சேர்த்துச் சொல்லும். சி.எஸ்.எஸ். அலங்காரத்தையும் தனி வகுப்புப் பெயரில் எழுதாமல் இந்தப் பண்பைக் கொண்டே எழுதுங்கள். பண்பு விடுபட்டால் கண்ணுக்குத் தெரியும் குறியும் மறைந்துவிடும். பார்வையுள்ள ஒருவர் உடனே கவனித்துச் சொல்லிவிடுவார்.